விட்ட இடத்திலிருந்து தொடரட்டும்

(சேர்வராயன் மலை, வெள்ளக்கடையில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளியை இடையில் விட்டவர்களைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். படிவம் நிரப்பித் தருகிறோம். புத்தகம் வந்ததும் நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். இரண்டாவது இடைநிற்றல் அங்கேதான் தொடங்குகிறது.

இம்முறையில் வசதிகள் பல. பதிவு 5 ஆண்டுகள் செல்லும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு. மொத்தம் 9 வாய்ப்புகள். 5 பாடங்களையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை. தேறிய பாடம் கணக்கில் நிற்கும். ஆனால், கேட்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் ‘எப்போது வேண்டுமானாலும் எழுதலாம்’ என்பது ‘எழுதவே இல்லை’ என்று முடிந்துவிடுகிறது.

நம் மலையில் கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். வீட்டுக்குக் கூடுதல் கூலி வருவதும் அப்போதுதான். அக்டோபர்-நவம்பர் தேர்வு அதை ஒட்டியே வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் அந்தத் தேர்வில் ஐந்து பாடங்களுக்கும் பணம் கட்டினாள். பழம் பறிக்கப் போனதால் இரண்டைத்தான் எழுதினாள், இரண்டிலும் தவறினாள். “எனக்குப் படிப்பு வராதுங்க சார்” என்றாள். ஐந்தையும் ஒன்றாகக் கட்டச் சொன்னது என் தவறு. அடுத்த ஏப்ரலில் தமிழும் சமூக அறிவியலும் மட்டும் எழுதித் தேறினாள். அதன்பின் நான் அவளைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த தேர்வுக்கு எப்போது பணம் கட்டுவது என்று அவளே கேட்டு வந்தாள்.

ஆகவே மூன்று வேலைகளைச் செய்வோம்.

ஒன்று, சேர்ந்த ஒரு மாதத்துக்குள் முதல் ஒப்படைவை நம் முன்னால் உட்காரவைத்து எழுதச் செய்வோம். ஒப்படைவுக்கு 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு.

இரண்டு, முதல் தேர்வுக்கு இரண்டு பாடங்கள் போதும். அதுவும் பறிப்பு முடிந்த பின், ஏப்ரலில். ஏப்ரல்தோறும் இரண்டு என்றாலும் மூன்றாம் ஆண்டில் ஐந்தும் முடிந்துவிடும்.

மூன்று, தொடர்பு வகுப்புக்கு வராதவரை அந்த வாரமே வீட்டில் போய்ப் பார்ப்போம். “ஏன் வரவில்லை?” என்று கேட்க வேண்டாம். “எந்தப் பாடத்தில் நிறுத்தினாய்?” என்று கேட்டு, அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒருமுறை பள்ளியை விட்டவர் மறுபடி நம்பி வந்திருக்கிறார். இம்முறையும் விட்டுவிட்டால், தனக்குப் படிப்பு இல்லை என்றே முடிவு செய்துவிடுவார். அந்த முடிவுக்கு அவர் வராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.