காய்ச்சலை யாரிடம் சொல்வீர்கள்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரை)

செயலாளர் என்னைக் கொசுவைப் பற்றிப் பேசச் சொன்னார். நான் காய்ச்சலைப் பற்றிப் பேசப்போகிறேன். கொசு தானாக நடுவில் வந்துவிடும்.

பணியில் இருந்த காலத்தில் பழவேற்காட்டுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போவேன். கரையேற்றிய படகு, மீன் பெட்டி, உடைந்த தெர்மாகோல் எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர் நிற்கும். கவிழ்த்துக் கொட்டியே கை ஓய்ந்துவிடும். ஆனால் யார் வீட்டில் காய்ச்சல் என்று தேடி அலைந்ததில்லை. ஒருவர் கடலுக்குப் போகவில்லை என்றால் அன்றைக்கே தெருவுக்குத் தெரியும், செவிலியரம்மா காதுக்கும் போய்விடும். இங்கே எதிர் வீட்டுப் பிள்ளை நான்கு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை என்றாலும் நமக்குத் தெரிவதில்லை.

நோய்க் கண்காணிப்பு என்று பெரிதாகச் சொல்வது இந்தச் செய்தியைத்தான். 2004இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சுகாதார நிலையம், மருத்துவமனை, பரிசோதனைக் கூடம் ஆகியவற்றிலிருந்து தகவல் மாவட்டத்துக்குப் போகிறது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்தவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். 2020இல் கொரோனாவின்போது சென்னை மாநகராட்சி வீடு வீடாகக் காய்ச்சல் விசாரித்ததும், தெருத்தெருவாக முகாம் போட்டதும் அப்படி விடுபட்டவர்களைப் பிடிக்கத்தான்.

டெங்குவில் அவசரம் இன்னும் அதிகம். காய்ச்சல் இருக்கும் முதல் ஐந்து நாளில் நோயாளியைக் கடிக்கும் ஏடிஸ் கொசு, சுமார் பத்து நாளில் அடுத்தவருக்கு அதைக் கொடுக்கத் தயாராகிவிடும். அது பகலில் கடிக்கும். அதனால் நோயாளிக்குப் பகலிலும் கொசுவலை வேண்டும். காய்ச்சல் இறங்கியதும் பிழைத்தோம் என்று எழுந்துவிடாதீர்கள். ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபென் வேண்டவே வேண்டாம்.

சென்னையின் மலேரியாக் கொசு வேறு சாதி. அனோபிலஸ் ஸ்டெஃபன்சி என்று பெயர். சாக்கடையை நாடாது, கிணறும் மேல்நிலைத் தொட்டியும் போன்ற நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நகரிலும் இதைக் கண்டுபிடித்தார்கள். அதுமுதல் அங்கேயும் தொட்டி மூடியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்.

இனி ஒரு மனத்தாங்கல். கொசுப்புழு பார்க்க வரும் பணியாளரைக் குப்பத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். அடுக்ககங்களில் வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு நாம் சொன்னது அதுதான். அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடும்படி இன்றே சொல்லிவிடுங்கள். ஒரே பிளாக்கில் இரண்டு வீட்டில் காய்ச்சல் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செயலாளர் போன் செய்யட்டும். வாட்ஸ்ஆப் குழுவில் பெயர் போட வேண்டாம், பிளாக் எண் போதும்.

வரும் வழியில் மொட்டைமாடிக்கும் போய்வந்தேன். இரண்டு தொட்டிக்கு மூடி சரியாக உட்காரவில்லை. நீங்கள் கேள்வி கேட்பதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன்: அதை இந்த வாரம் மாற்றப்போவது யார்?