கைப்பேசியின் பூட்டு யார் கையில்?

 

இன்று தோட்டத்து வீடுகளில் அரிசி, பருப்புக் கணக்கோடு கைப்பேசிக் கணக்கும் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளின் பள்ளிச் செய்தி அதில் வருகிறது. வெளியூரில் வேலை செய்யும் மகனின் குரல் அதில் கேட்கிறது. பட்டணத்துக் கடைகளிலோ, 'சிறு தொகை கொடுங்கள், புதிய கைப்பேசியைக் கொண்டு போங்கள், மீதியை மாதக் கட்டணத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விளம்பரம் தொங்குகிறது. அந்த விளம்பரத்தின் பின்னால் இருக்கும் கணக்கு என்ன? காசு கொடுத்து வாங்கிய கைப்பேசி உண்மையில் யாருக்குச் சொந்தம்? அமெரிக்காவில் நடந்தவற்றைக் கொண்டு இதனைச் சற்றே சிந்திப்போம்.

முதலில் இரண்டு தரப்பினரைப் பிரித்தறிய வேண்டும். கைப்பேசியைச் செய்பவர் ஒருவர். கோபுரம் எழுப்பி, அதன் வழியாக நம் பேச்சைக் கொண்டு சேர்ப்பவர் இன்னொருவர். முன்னவர் வண்டி செய்பவர் என்றால், பின்னவர் சாலை போடுபவர். சாலை போட்டவரே, 'இன்ன வண்டிதான் ஓடலாம். அதையும் என்னிடமே வாங்க வேண்டும்' என்று கட்டளையிட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் இந்த வழக்கு பழையது. ஒரு காலத்தில் அங்கு வீட்டுத் தொலைபேசிக் கருவியையும் ஏடி அண்ட் டி நிறுவனமே வாடகைக்குக் கொடுத்தது. பிறர் செய்த கருவியை அதன் கம்பியில் இணைக்கக் கூடாது. டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர், எண்ணெய் வயல் போன்ற தொலைவிடங்களில் இருப்போர் தங்கள் வானொலிக் கருவியிலிருந்து தொலைபேசியில் பேசுவதற்கு ஒரு சாதனம் செய்தார். நிறுவனம் அதைத் தடுத்தது. அவர் விடவில்லை. 1968-ஆம் ஆண்டு கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம், தொலைபேசி அமைப்புக்குக் கேடு செய்யாத கருவிகளை மக்கள் இணைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது.

ஆயினும் கைப்பேசிகள் வந்தபோது பழைய கதையே திரும்பியது. எந்தக் கைப்பேசி வெளிவர வேண்டும், அதில் எந்த வசதி இருக்க வேண்டும் என்பதைக் கோபுரம் வைத்திருந்த நிறுவனங்களே முடிவு செய்தன. 2004-இல் வெரைசன் நிறுவனம் விற்ற மோட்டரோலா வி710 கைப்பேசியில் புளூடூத் இருந்தது. ஆனால் அதன் வழியாகப் படங்களைக் கணினிக்கு மாற்றும் வசதியை நிறுவனம் முடக்கி வைத்திருந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் பின்னர் வழக்குத் தொடுத்தார்கள்.

2007 ஜூன் மாதத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வந்தது. இம்முறை செய்தவரின் கை ஓங்கியிருந்தது. கைப்பேசியில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஆப்பிளே முடிவு செய்தது. அதற்கு ஈடாக, அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் மட்டுமே அதற்குச் சேவை வழங்கும் என்று ஒப்பந்தம் ஆயிற்று. வாங்குபவர் இரண்டாண்டு அந்நிறுவனத்திலேயே இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் சிம் அட்டையைப் போட்டால் கைப்பேசி ஏற்காது. மென்பொருளிலேயே அதற்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

இனி, குடும்பக் கணக்குப் பார்க்கும் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். 2008-இன் தொடக்கத்தில் அந்த ஐபோனின் விலை 399 டாலர். அவ்வாண்டு ஜூலையில் வந்த புதிய ஐபோன் 3ஜியை 199 டாலருக்கு விற்றார்கள். 200 டாலர் குறைந்தது என்று மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் இணையச் சேவைக்கான மாதக் கட்டணம் 20 டாலரிலிருந்து 30 டாலராக உயர்ந்தது. மாதம் 10 டாலர், 24 மாதம். ஆக 240 டாலர். முன்பு கட்டணத்தோடு சேர்ந்திருந்த குறுஞ்செய்திக்கும் தனியே காசு. முன் வாசலில் 200 கொடுத்து, பின் வாசலில் 240-க்கு மேல் வாங்கிக்கொண்டார்கள்!

தோட்டத்து மளிகைக் கடையில் கடன் புத்தகம் வைத்திருந்த காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கையில் காசில்லாத நாளில் அரிசி கிடைத்தது, அஃது உதவிதான். ஆனால் கடன் தீரும் வரை வேறு கடைக்குப் போக முடியாது. கடைக்காரர் சொன்னதே விலை. ஒப்பந்தக் கைப்பேசியும் அத்தகையதே. பூட்டுக்கும் விலை உண்டு. 2007-இல் ஜெர்மனியில் ஐபோனை டி-மொபைல் நிறுவனம் ஒப்பந்தத்தோடு 399 யூரோவுக்கு விற்றது. நீதிமன்றத் தடையாணை வந்ததால் சில நாள் பூட்டில்லாமலும் விற்க நேர்ந்தது. அப்போது அது சொன்ன விலை 999 யூரோ!

நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. கைப்பேசியின் முழு விலையையும் ஒரே நாளில் கொடுக்க எல்லோராலும் இயலாது. அந்தச் சுமையைத் தாங்கள் ஏற்பதாக அவை வாதிட்டன. ஆனால் அதனால் யார் விடுபட்டார்கள்? வடக்கு டகோட்டா, வெர்மாண்ட் போன்ற மாநிலங்களின் கிராமப்புறத்தார். அங்கு அந்நிறுவனத்தின் கோபுரம் போதிய அளவு இல்லை. எனவே கையில் காசு இருந்தும் அவர்களால் அந்தக் கைப்பேசியைப் பயன்படுத்த இயலவில்லை. கிராமப்புறங்களுக்குச் சேவை செய்த சிறிய நிறுவனங்கள் 2008-இல் ஆணையத்திடம் முறையிட்டன. 2009 ஜூனில் செனட் சபையின் குழு ஒன்று இதனை விசாரித்தது. பிறகு 2011 பிப்ரவரியில் வெரைசன் நிறுவனமும் ஐபோனை விற்கத் தொடங்கியது. தனியுரிமை முடிவுக்கு வந்தது.

பூட்டு மட்டும் நீங்கவில்லை. 2013 ஜனவரியில், புதிதாக வாங்கிய கைப்பேசியின் பூட்டை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம் என்ற நிலை ஏற்பட்டது. 'எங்கள் பொருளை நாங்கள் திறப்பது குற்றமா?' என்று 1,14,000-க்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனு அளித்தனர். அதன் பயனாக, 2014 ஆகஸ்ட் 1-ஆம் நாள் மக்களுக்கு அந்த உரிமையைத் திருப்பித் தரும் சட்டம் கையெழுத்தானது. சாதாரண மக்கள் ஒன்றுகூடிக் கேட்டதால் வந்த சட்டம் அது.

நம் மலேசியாவிலும் 2009 மார்ச்சில் ஐபோன் மேக்சிஸ் நிறுவனத்தின் வழியாகவே வந்தது. 2010-இல் டிஜி நிறுவனமும் விற்கத் தொடங்கியது. ஒப்பந்தத்தோடு கைப்பேசி விற்கும் வழக்கம் இங்கும் உண்டு. ஆகவே கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: முன்பணமும் எல்லா மாதக் கட்டணமும் சேர்ந்தால் மொத்தம் எத்தனை வெள்ளி? படித்த பிள்ளையை அங்கேயே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே கைப்பேசியை ரொக்கத்துக்கு வாங்கி, முன்கட்டணச் சிம் அட்டை போட்டால் எவ்வளவு ஆகும் என்றும் ஒப்பிடுங்கள்.

இரண்டு: அந்த நிறுவனத்தின் அலை நம் தோட்டத்து வீட்டுக்குள் கிடைக்கிறதா? கடையில் கிடைப்பது போதாது. அந்நிறுவனத்தின் சிம் அட்டை வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் கேளுங்கள்.

மூன்று: இடையில் விலகினால் தண்டம் எவ்வளவு?

நான்கு: வேறு சிம் அட்டை போட்டால் இந்தக் கைப்பேசி வேலை செய்யுமா?

விடை எழுத்தில் இல்லையேல் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசில் வாங்கும் பொருளின் சாவி நம்மிடமே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.