ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுத்த பேராசிரியர்

(தொழிற்சங்க ஊழியர் வகுப்பில் ஆற்றிய உரை)

சங்கம் போட்ட கூலி ஒப்பந்தத்தை, தனி ஒரு தொழிலாளியை மிரட்டிக் கையெழுத்து வாங்கி முதலாளி குறைத்துவிடக் கூடாது. இது நமக்குச் சாதாரண நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் இந்த நியாயத்தைச் சட்டமாக்குவதற்கு ஒரு மனிதர் தம் அறிவையும் ஆயுளையும் செலவிட்டார். அவர்தான் ஜெர்மனியின் தொழிலாளர் சட்டப் பேராசிரியர் ஹியூகோ சின்ஸ்ஹைமர்.

1875ல் வோர்ம்ஸ் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் துணி தைக்கும் தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர். மகனோ பிராங்பர்ட்டில் வக்கீலாகி, உலோகத் தொழிலாளர் சங்கத்தின் பக்கம் நின்றார்.

அன்று அங்கே நிலைமை என்ன? தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, பட்டினி கிடந்து, ஓர் ஒப்பந்தம் பெறுவார்கள். பிறகு முதலாளி ஒருவனைத் தனியே கூப்பிடுவார். “குறைந்த கூலிக்குச் சம்மதமா? இல்லையென்றால் வாசலில் வேறு ஆள் நிற்கிறான்” என்பார். வீட்டில் அடுப்பு எரியாதவன் என்ன செய்வான்? தலையாட்டுவான். கோர்ட்டுக்குப் போனால், “நீயாகத்தானே சம்மதித்தாய்” என்பார்கள். கூட்டாகப் பெற்றதைத் தனித்தனியாகப் பறிக்கும் தந்திரம் இது!

1907லும் 1908லும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட நூலில் சின்ஸ்ஹைமர் இந்தத் தந்திரத்தின் அடிவேரைத் தாக்கினார். முதலாளியும் தனித் தொழிலாளியும் காகிதத்தில்தான் சமம். வாழ்க்கையில் சமம் அல்ல. ஆகவே சங்கம் செய்யும் ஒப்பந்தமே ஆலைக்குள் சட்டமாக வேண்டும். அதற்குக் குறைந்த தனி ஒப்பந்தம் செல்லக் கூடாது. அதிகம் கொடுத்தால் கொடுக்கட்டும். இதுவே அவர் வாதம்.

வாதம் மட்டும் சட்டமாகிவிடவில்லை. 1918 நவம்பரில் தொழிலாளர்களும் சிப்பாய்களும் கிளர்ந்தெழுந்தார்கள்; கெய்சர் ஓடினான். நவம்பர் 12ந் தேதி, பண்ணையாட்களைக் கட்டிப்போட்டிருந்த பழைய வேலைக்காரர் சட்டங்கள் ரத்தாயின. அதுவரை பிரஷ்யாவில் வேலையை விட்டு ஓடிய பண்ணையாளைப் போலீஸ் பிடித்துவந்து திரும்ப ஒப்படைக்கலாம். விவசாயக் கூலிகள் சேர்ந்து வேலையை நிறுத்தினால் அது குற்றம்! நவம்பர் 23ல் ஆலைகளுக்கு எட்டு மணி நேர வேலை வந்தது. டிசம்பர் 23ல், சின்ஸ்ஹைமர் வாதாடியபடியே, கூட்டு ஒப்பந்தத்துக்குச் சட்ட பலம் கிடைத்தது. பத்தாண்டுகள் புத்தகத்தில் கிடந்த நியாயம், தொழிலாளி வீதிக்கு வந்ததும் ஆறே வாரங்களில் சட்டமாயிற்று!

1919ல் அவர் சோஷல் டெமாக்ரடிக் கட்சியின் அங்கத்தினராக அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். தொழிலாளர் கவுன்சில்களைப் பற்றிய 165வது ஷரத்து உருவாவதில் முக்கியப் பங்கு அவருடையது. 1921ல் பிராங்பர்ட்டில் தொழிலாளர்களுக்கென்றே ஓர் உயர்கல்விக் கழகம் அமைக்கப் பாடுபட்டார். பட்டறையிலிருந்து வந்தவர்கள் அங்கே சட்டமும் பொருளாதாரமும் படித்தார்கள்.

அவருடைய கட்சியின் பாதையை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆலையும் நிலமும் பழைய கைகளிலேயே இருந்தன. ராணுவமும் நீதிபதிகளும் பழையபடியே இருந்தார்கள். 1920 ஜனவரி 13ல், ஆலைக் கவுன்சில் மசோதாவில் போதிய அதிகாரம் இல்லை என்று பெர்லின் பார்லிமெண்டின் முன் திரண்ட தொழிலாளர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 42 பேர் மாண்டார்கள். 1923 டிசம்பரில் எட்டு மணி நேரச் சட்டத்தைத் தளர்த்தி, பத்து மணி நேர வேலைக்கு வழி திறந்தார்கள். பிறகு நெருக்கடி வந்தது. அறுபது லட்சம் பேர் வேலையிழந்தார்கள். வேலையே இல்லாதவனுக்குத் தொழிலாளர் சட்டம் எதற்கு உதவும் என்று சின்ஸ்ஹைமரே கவலையோடு எழுதும் காலம் வந்தது.

1933ல் ஹிட்லர் வந்தான். தொழிலாளி வர்க்கம் பிளவுபட்டு நின்றது. மே 2ந் தேதி சங்க அலுவலகங்களை நாஜிகள் கைப்பற்றினார்கள். 1934 ஜனவரிச் சட்டம் முதலாளியை ஆலையின் ‘தலைவன்’ என்றது. தொழிலாளியை அவனைப் பின்பற்றுபவன் என்றது. ஒப்பந்த உரிமை மண்ணோடு மண்ணாயிற்று.

சின்ஸ்ஹைமர் கைது செய்யப்பட்டார். வெளிவந்ததும் நாட்டைவிட்டுத் தப்பி, ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாமிலும் லைடனிலும் பேராசிரியரானார். 1940ல் நாஜிப் படை அங்கும் வந்தது. மீண்டும் கைது; பிறகு தலைமறைவு வாழ்க்கை. விடுதலையைக் கண்ணால் கண்டார். ஆனால் உடல் நலிந்து, 1945 செப்டம்பர் 16ல் காலமானார்.

அவருடைய மாணவர் ஓட்டோ கான்-பிராயிண்ட் பெர்லினில் தொழிலாளர் கோர்ட் நீதிபதி. கம்யூனிஸ்டுகள் என்று குற்றம் சாட்டி வானொலி நிலையத்திலிருந்து நீக்கப்பட்ட ஊழியர்களுக்குச் சாதகமாக 1933ல் தீர்ப்பளித்தார். அவருடைய பதவி போயிற்று. லண்டனுக்குத் தப்பியோடி, பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகி, பிரிட்டனின் தொழிலாளர் சட்டத்துக்கு வழிகாட்டினார். ஆசானின் கருத்து 1949ல் மேற்கு ஜெர்மனியின் ஒப்பந்தச் சட்டத்தில் மறுபடி உயிர் பெற்றது. 2010ல் அங்குள்ள உலோகத் தொழிலாளர் சங்கத்தின் அறநிறுவனம் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது.

தோழர்களே! இந்த வாழ்க்கை நமக்கு இரண்டு பாடங்களைச் சொல்கிறது. சட்டம் வெறும் காகிதம் என்று அலட்சியம் செய்யாதீர்கள். அது வெறும் காகிதமென்றால் நாஜிகள் அதைக் கிழிக்க அவ்வளவு அவசரப்பட்டிருப்பார்களா? அதே சமயம் சட்டம் இருக்கிறதே என்று கைகட்டி உட்காராதீர்கள். சங்கம் உடைந்த அன்றே சட்டமும் சாய்ந்தது.

கையிலுள்ள ஒப்பந்தத்தை ஷரத்து ஷரத்தாகப் படியுங்கள். எழுத்தறியாத தோழருக்குப் படித்துக் காட்டுங்கள். ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் பிரியாமல் நில்லுங்கள். அந்த ஒற்றுமைதான் சட்டத்துக்குக் காவல்!