வாரம் ஒரு குறுங்கதை: அளவும் முறையும்



கவிதையைப் பேணும் ஓர் அவையில் குறுங்கதைப் போட்டியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற வினா எழக்கூடும். ஒரு பொருளைக் கொடுத்து, இத்தனை அளவுக்குள் ஆக்கித் தருக என்று கேட்கும் வழக்கம் கவிஞர்களிடமிருந்தே வந்தது. கும்பகோணத்துக்கு அருகே நந்திபுரத்தில் பிறந்தவர் எனக் கூறப்படும் காளமேகப் புலவரைப் பற்றி வழங்கும் செய்திகள் பலவும் இத்தகைய அறைகூவல்களே. எமகண்டக் கதையில் வரும் நெருப்பையும் கத்தியையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது இதுதான்: கேட்பவர் பொருளைக் கொடுக்கிறார், பாடுபவர் தப்ப வழியின்றிப் பாடுகிறார். ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்ட இதழ்களும் அவ்வழியில் வந்தவையே. வாரந்தோறும் குறுங்கதை கேட்கும் அமைப்பாளர் அந்தப் பழைய கேள்வியாளரின் வாரிசு. வேறுபாடு ஒன்றுண்டு. அவர் ஒரு நாள் கேட்டுவிட்டுப் போய்விடலாம். இவர் அடுத்த வாரமும் கேட்டாக வேண்டும்.

முதலில் அளவு. கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில் வெளிவந்த 'நியூ டைம்ஸ்' என்னும் வார இதழில் ஸ்டீவ் மாஸ் என்பவர் 1987இல் 55 சொற்களுக்கு மிகாத கதைகளுக்குப் போட்டி வைத்தார். அவ்வடிவத்தைத் தமிழ் வாசகரிடையே பரப்பியவர் சுஜாதா. ஆயின் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்ட அமைப்பாளர்களுக்கு ஒரு சங்கடம் காத்திருந்தது. ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு. தமிழிலோ 'போய்க்கொண்டிருந்தவளிடமிருந்து' என்பது ஒரே சொல். அதைப் பிரித்தெழுதினால் மூன்றாகும், சேர்த்தெழுதினால் ஒன்றாகும். இலக்கணம் அறிந்தவர் 55 சொல்லுக்குள் ஒரு சிறுகதையையே அடைத்துவிடுவார். பேச்சு வழக்கில் எழுதும் புதியவர் பாதியிலேயே நின்றுவிடுவார். வெண்பா எழுதுவோருக்கு இந்தச் சங்கடம் இல்லை. குறளுக்கு ஏழு சீர், நேரிசை வெண்பாவுக்குப் பதினைந்து சீர். எங்கே பிரிப்பது என்பதை யாப்பே சொல்லிவிடும். உரைநடைக்கு அப்படியொரு தராசு இல்லாததால், ஒரு தாளின் ஒரு பக்கம் என்றோ, வாய்விட்டுப் படிக்க மூன்று நிமிடம் என்றோ வைத்துக்கொள்வது நேர்மையான அளவாகும். எண்ணித் தகராறு செய்யும் நேரத்தில் இன்னொரு கதையைக் கேட்டுவிடலாம்.

வாய்விட்டுப் படிப்பது என்றதும் தஞ்சைக்காரர்களுக்கு தஞ்சை ப்ரகாஷ் நினைவுக்கு வருவார். 1943இல் பிறந்து 2000இல் மறைந்த அவர் நாவலாசிரியராக எவ்வளவு பேசப்படுகிறாரோ, அவ்வளவு பேசப்பட வேண்டியவர் கூட்டங்களை நடத்தியவராகவும். 'கதைசொல்லிகள்', 'ஒளிவட்டம்', 'சும்மா இலக்கியக் கும்பல்' ஆகியவை அவர் தொடங்கிய அமைப்புகள். கடைசிப் பெயரில் உள்ள 'சும்மா' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பொன்னாடையும் பட்டமும் இல்லாத இடம் என்பதை அந்த ஒரு சொல்லே அறிவித்துவிடுகிறது. 'கதைசொல்லிகள்' என்ற பெயரும் அவ்வாறே: தாளில் எழுதியது ஒருபுறம் இருக்கட்டும், எதிரே அமர்ந்திருப்பவருக்கு அந்தக் கதையைச் சொல்ல முடிகிறதா என்று அது கேட்கிறது. தளர்ந்த கதையைச் சொல்லத் தொடங்கினால், சொல்பவருக்கே தளர்ச்சி தெரிந்துவிடும். நடுவர் வாய் திறக்க வேண்டியதில்லை.

அடுத்தது நாள். காவிரிப் பாசனப் பகுதியில் இதை விளக்கத் தேவையில்லை. மேட்டூர் அணை திறப்புக்கு ஜூன் 12 என்பது வழக்கமான நாள். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாள் தவறியது. 2020இல்தான் மீண்டும் உரிய நாளில் அணை திறந்தது. தவறிய ஆண்டுகளில் குறுவை சாகுபடி செய்தவர்கள் பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணறு வைத்திருந்தவர்களே. ஆற்றை நம்பியவர் சம்பாவுக்குக் காத்திருந்தார். வாரப் போட்டியின் நாள் தவறும்போதும் இதுவே நிகழ்கிறது. சொந்த ஊற்று உள்ளவர் எப்படியும் எழுதிவிடுவார். வெள்ளிக்கிழமை இரவு, 'நாளைக்குக் கொடுத்தாக வேண்டுமே' என்ற நெருக்கடியில் மட்டுமே எழுதக்கூடியவர் எழுதாமற் போகிறார். போட்டி என்பது அவருக்காகவே நடத்தப்படுவது. பத்துக் கதை வருகிறதா, இரண்டு வருகிறதா என்று பாராமல் குறித்த நாளில் கூட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

கொடுக்கும் பொருளிலும் பிழை நேர்வதுண்டு. 'மனிதநேயம்' என்று கொடுத்தால் கட்டுரை வரும். 'களத்தில் விட்டுப்போன மரக்கால்' என்று கொடுத்தால் கதை வரும். யார் விட்டுப்போனார், அளந்து முடிந்த பிறகா, முடியும் முன்பா என்று கேள்விகள் தாமே எழுந்துவிடும். வார இதழ்களின் ஒரு பக்கக் கதைகள் வளர்த்துவிட்ட இன்னொரு பழக்கமும் உண்டு: கடைசி வரியில் ஒரு திருப்பம். கணவன் என்று நினைத்தவர் அண்ணன், மனிதர் என்று நினைத்தது நாய். இரண்டு முறை படிக்க முடியாத கதை அது. குறைந்த இடத்தில் வேறு என்ன செய்யலாம் என்பதற்குக் கும்பகோணத்திலேயே முன்னோடி இருக்கிறார். கு.ப.ராஜகோபாலன் 1944இல் மறையும் முன் எழுதிய சிறுகதைகளில் பல, இருவர் பேச்சும் இடையில் ஒரு மௌனமுமாக முடிந்துவிடுகின்றன. அவருடைய கதையொன்றை வாரத்துக்கு ஒன்றாகப் படித்துவிட்டுப் போட்டியைத் தொடங்கினால் திருப்பக் கதைகள் தாமாகக் குறையும்.

இனி நடுவர். போட்டிகள் குலைவது பெரும்பாலும் இங்கேதான். ஒருவரே வாரந்தோறும் தீர்ப்புச் சொன்னால், மூன்று மாதத்தில் எல்லாரும் அவருக்குப் பிடித்த கதையையே எழுதப் பழகிவிடுவர். 1970இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'இலக்கியச் சிந்தனை' இதற்கு நல்ல வழி கண்டது. இதழ்களில் வந்த சிறுகதைகளிலிருந்து மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வெவ்வேறு வாசகர்களிடம் கொடுத்தது. பன்னிரண்டு கதைகளும் ஆண்டுதோறும் நூலாயின. தேர்வுகளில் எல்லாருக்கும் உடன்பாடு இருந்ததில்லை. ஆனால் சென்ற மாதத் தேர்வின்மேல் உள்ள கோபம் இந்த மாதம் செல்லாது, ஏனெனில் தேர்ந்தவர் வேறு.

பரிசு பெறாதவர் அடுத்த வாரம் வருவாரா என்பதே அமைப்பாளரின் உண்மையான கவலை. கூட்டங்களில் நடப்பது என்ன? முதற்கதையை, பெரும்பாலும் பெயர் பெற்ற ஒருவருடையதை, அரை மணி நேரம் அலசுகிறார்கள். கடைசியில் அமர்ந்திருக்கும் புதியவர் முறை வரும்போது பேருந்துக்கு நேரமாகிவிடுகிறது. 'நன்றாக இருக்கிறது, தொடர்ந்து எழுதுங்கள்' என்பதோடு முடிகிறது. கடுமையான விமரிசனத்தைத் தாங்கிக்கொண்டவர்கள் உண்டு. இந்த இரண்டு சொற்களைக் கேட்டு மூன்றாம் வாரம் வராமற் போனவர்களே மிகுதி. கல்லணையில் பிரியும் நீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது இந்த ஊரின் வழக்கம். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று முறை வைத்து விடுவதும் அதற்காகவே. கூட்டத்திலும் கடைமடையிலிருந்து தொடங்கலாம்: அன்று முதன்முதலாக வந்தவரின் கதையை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் எந்த வரியில் கதை பிறந்தது, எந்த வரியில் நின்றது என்று தாளில் கோடிட்டுக் காட்டி, அத்தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். பெயர் பெற்றவர் காத்திருக்கலாம். அவர் எப்படியும் வருவார்.

கடைசியாக ஒரு சிறு வேலை. சொன்ன கதை காற்றோடு போகும். தனித்தாளில் எழுதியது வீடு மாற்றும்போது போகும். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, தேதி, கொடுத்த பொருள், வந்த கதைகளின் தலைப்பு, எழுதியவர் பெயர் என்று வாரந்தோறும் பதிந்து, கதையின் படியொன்றைப் பின்னால் ஒட்டிவைக்க ஒருவர் வேண்டும். எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை. கையெழுத்து தெளிவாக இருந்தால் போதும். பரிசு பெறாத கதைகளையும் ஒட்ட மறக்காதவராக இருக்க வேண்டும்.