பொறி கேட்க வேண்டிய கேள்விகள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாட்டும் பட்டிமன்றமும் நிறைந்த இவ்விழாவில், மில்லிங் இயந்திரத்தைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். யான் பொறியியல் கற்றவனல்லன். மெட்ரிக் தேறி இரயில்வேயில் எழுத்தராக இருப்பவன். ஆயினும், சென்ற ஆண்டு நம் காலனியில் நடந்த ஒன்று என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அதனாலேயே பேசத் துணிந்தேன்.

நம் இளைஞர் ஒருவர், தம் தந்தையார் சேமநல நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்த பணத்தில், மேசைமேல் வைக்கத்தக்க சிறு மில்லிங் இயந்திரம் ஒன்றை வாங்கினார். மரத்திலும் பித்தளையிலும் பெயர்ப்பலகை செய்து விற்பது அவர் எண்ணம். கணிப்பொறியிலுள்ள மென்பொருள் சொல்லும் வழியே, சுழலும் கட்டர் ஒன்று இடவலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகர்ந்து, வேண்டாத பகுதியைச் சீவி எறியும். அப்பொறியின் தொழில் இவ்வளவே.

முதல் வாரத்திலேயே மூன்று கட்டர்கள் முறிந்தன. முதன்முறை, அவர் 1 மில்லிமீட்டர் ஆழம் என எண்ணி 1 என்று எழுதினார். மென்பொருள் அதை அங்குலமாகக் கொண்டு, 25.4 மில்லிமீட்டர் ஆழத்திற்குக் கட்டரை இறக்க முயன்றது. இரண்டாம் முறை, பழைய கட்டரைவிட நீளமான ஒன்றை மாட்டினார். தகட்டின் மேற்பரப்பைப் பொறிக்கு மீண்டும் காட்ட வேண்டும் என்பதை மென்பொருள் நினைவூட்டவில்லை. மூன்றாம் முறை, பித்தளைக்கு என்ன வேகம் என்று அறியாமல், வெறுமையாக இருந்த கட்டத்தில் ஏதோ ஓர் எண்ணை இட்டார்.

"பையனுக்கு இந்த வேலை ஒத்துவராது, சார், விற்றுவிடலாம்" என்று தந்தையார் என்னிடம் கூறியபோது, மகன் தலைகுனிந்து நின்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் இரயில்வேயில் இன்டர்லாக்கிங் என்று ஒரு முறை உண்டு. ஜான் சாக்ஸ்பி என்னும் ஆங்கிலேயர் 1856இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வண்டி செல்லவேண்டிய பாதைக்குப் பாயிண்டு திரும்பாதவரை, கைகாட்டியின் நெம்புகோலை எத்துணை வலியவர் இழுத்தாலும் அது அசையாது. இரவுப் பணியில் கண் அயர்ந்தவன் தவறு செய்வான் என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு அமைத்த ஏற்பாடு அது. இன்று நெம்புகோல்கள் மறைந்து மின்னணுக் கருவிகள் வந்துள்ளன, கொள்கை மாறவில்லை. எளிதில் பழகத்தக்க மென்பொருள் என்றால் பெரிய பொத்தான்களும் வண்ணங்களும் என்று பலர் கருதுகின்றனர். என் எண்ணம் வேறு. மேற்பரப்பைக் காட்டாதவரை கட்டர் இறங்காது என்னும் பூட்டுத்தான் முதலில் வேண்டும்.

இக்குறை எங்கிருந்து வந்தது? எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952இல் இயக்கிக் காட்டினர். துளையிட்ட காகித நாடாவே அதற்குக் கட்டளை தந்தது. அந்த வழியில் வளர்ந்ததே ஜி-கோட் என்னும் கட்டளை மொழி. ஜி 0 என்றால் விரைந்து செல். ஜி 1 என்றால் வெட்டிக்கொண்டு செல். எம் 3 என்றால் ஸ்பிண்டிலைச் சுழற்று. தொழிற்சாலையில் பயின்ற கைக்கு அது போதும். பொறி இப்போது மாணவன் மேசைக்கே வந்துவிட்டது. அதன் பேச்சோ பழைய பேச்சாகவே பல இடங்களில் நிற்கிறது.

சிறு பொறிகள் பலவற்றுள் ஜிஆர்பிஎல் என்னும் கட்டுப்பாட்டு நிரல் இருக்கிறது. சிறியதொரு சில்லினுள் அடங்கவேண்டியிருப்பதால், அது 'அலாரம் 2' என்று எண்ணை மட்டும் சொல்லும். அதன்மேல் குற்றமில்லை. அவ்வெண்ணை வாங்கித் திரையில் காட்டும் மென்பொருளன்றோ, 'வேலை வலப்பக்கம் 12 மில்லிமீட்டர் எல்லை தாண்டுகிறது. பலகையை இடப்பக்கம் நகர்த்துக' என்று விரித்துரைக்க வேண்டும்! (தமிழில் உரைத்தால் மிக நன்று. ஆனால் பட்டறையில் எவரும் வழங்காத புதுச்சொற்களை அடுக்கினால், எண்ணே மேல் என்பேன்.)

வேகத்தின் கணக்கும் அவ்வாறே. நிமிடத்திற்கு 10,000 சுற்று, கட்டருக்கு 2 பல், பல் ஒன்று சீவுவது 0.02 மில்லிமீட்டர் என்றால், கட்டர் நிமிடத்திற்கு 400 மில்லிமீட்டர் நகரவேண்டும். இப்பெருக்கலைப் பொறியே செய்யலாமே! மனிதனிடம் அவன் அறிந்ததைக் கேட்கட்டும்: என்ன பொருள்? எவ்வளவு தடிப்பு? எந்தக் கட்டர்? இறுகப் பிடித்தாயிற்றா? அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டளவில் தோன்றிய அதர்மில் என்னும் சிறு பொறிக்குரிய மென்பொருள் இவ்வழியில் அமைந்தது. பொருளையும் கட்டரையும் அது கேட்கும். முடிவில் பொருள் எப்படியிருக்கும் என்பதை முன்னரே படமாகக் காட்டும். கட்டரின் நுனி எங்கே இருக்கிறது என்பதை மின்தொடர்பால் பொறியே கண்டறியும்.

ஒன்று மட்டும் மறத்தலாகாது. எந்த மென்பொருளாயினும், கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பு நிறுத்தப் பொத்தான் தனியே இருக்கவேண்டும். திரையிலுள்ள பொத்தானைத் தேடும் நேரத்தில் விரல் போய்விடும்.

நம் இளைஞர் பொறியை விற்கவில்லை. இத்தகைய கேள்விகளை வரிசையாகக் கேட்கும் வேறொரு மென்பொருளுக்கு மாறினார். அவர் செய்த முதற்பலகை நம் சங்கத்தினுடையது. 3 மில்லிமீட்டர் கட்டரைத் தேர்ந்து, முன்காட்சிப் படத்தைப் பார்த்தோம். எழுத்துகள் வந்திருந்தன, புள்ளிகளைக் காணோம்! 2 மில்லிமீட்டர்ப் புள்ளிக்குள் 3 மில்லிமீட்டர்க் கட்டர் எங்ஙனம் நுழையும்? படம் காட்டியிராவிட்டால், 'தமிழச சஙகம' என்றே மரத்தில் வெட்டியிருப்போம். 1 மில்லிமீட்டர்க் கட்டரை மாட்டினார், மேற்பரப்பைக் காட்டுமாறு மென்பொருள் கேட்டது, காட்டினார்.

அப்பலகை இம்மண்டப வாயிலில் தொங்குகிறது. போகும்போது பாருங்கள், நான்கு புள்ளிகளும் உள.