பூட்டி வைத்த காசும் புரிந்து கொடுத்த காசும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் மைக்கை நீட்டி அடுத்தவரைக் கேள்வி கேட்பவள். இன்று என்னையே மேடையில் ஏற்றி, "போற்றிச் சேர்த்த நாணயத்தைப் பிரிவது எப்படி?" என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். காசு சேர்ப்பது எப்படி என்று சொல்லித் தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சேர்த்த காசை எப்போது, யாரிடம், எப்படிக் கைமாற்றுவது என்று சொல்லித் தரத்தான் ஆளில்லை.

நாணயம் சேர்ப்பவர் என்றதும் நமக்கு ஒரு படம் மனத்தில் வரும். கையில் பூதக்கண்ணாடி, மேசையில் ஆல்பம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் பழம்பொருள் சந்தையில் ஒரு சுற்று. அவர்கள் மட்டும்தான் சேகரிப்பாளர்கள் என்று நினைக்காதீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும், பழைய தோட்டப்புறங்களிலிருந்து வந்து குடியேறிய வீடுகளிலும், தாங்கள் சேகரிப்பாளர்கள் என்று தெரியாமலே சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. தாத்தாவின் தகரப் பெட்டியில் ராணி தலை போட்ட காசு, பாட்டியின் முந்தானை முடிச்சிலிருந்து இரும்பு அலமாரிக்குப் போன பவுன், கழுத்தில் ஆடிய காசுமாலை. இவையும் சேகரிப்புத்தான்.

பவுன் சொல்லும் கதை

பவுன் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் பவுண்டிலிருந்து வந்தது. சவரன் என்ற தங்க நாணயத்தின் மதிப்பு ஒரு பவுண்டு. எடை 7.98 கிராம், 22 காரட். அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். நகைக் கடைகளில் பவுனை 8 கிராம் என்று கணக்குப் போடுவது அந்த நாணயத்தின் எடையை ஒட்டித்தான். இன்றைய காசுமாலையில் பெரும்பாலும் இருப்பது மெல்லிய தகட்டில் அச்சிட்ட லட்சுமி உருவம். அந்தக் காலத்து மாலைகள் சிலவற்றில் அசல் சவரன்களே கோத்திருந்தன.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1971-ஆம் ஆண்டு வரை அமெரிக்க அரசு ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு வைத்திருந்த விலை 35 டாலர். அந்தக் கணக்கில் ஒரு சவரனில் உள்ள தங்கத்தின் மதிப்பு 8 டாலர் சொச்சம். 2025 அக்டோபரில் ஓர் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. அதே சவரனில் உள்ள தங்கத்துக்கு 940 டாலர் ஆகிவிட்டது. காசு வளரவில்லை, எடை கூடவில்லை. பெட்டிக்குள் தூங்கியபடியே நூறு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. ஆசைக்கு வாங்கிய பொருள், ஒரு கட்டத்தில் வீட்டில் வைக்க முடியாத பொருளாகிவிடுகிறது. திருடன் பயத்தில் வங்கிப் பெட்டகத்துக்குப் போகிறது. பெட்டகத்துக்கு ஆண்டு வாடகை. பார்க்க வேண்டுமென்றால் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும். கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று வாங்கியதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. நண்பர்களிடம் காட்டலாமா? காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும். பிள்ளைகளிடம் சொல்லலாமா? சொன்னால் இன்றைக்கே பங்கு கேட்பார்களோ என்ற பயம். சொல்லாமல் போய்விட்டாலோ, பெட்டியில் இருப்பது என்னவென்றே யாருக்கும் தெரியாது.

மூன்று மனிதர்கள்

உலகத்தில் இந்தச் சிக்கலை மூன்று பேர் மூன்று விதமாகச் சந்தித்தார்கள்.

முதலாமவர் எகிப்து மன்னர் பாரூக். கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தவர். அவரிடம் இருந்த ஒன்று 1933-ஆம் ஆண்டு முத்திரையிட்ட அமெரிக்க 20 டாலர் தங்க நாணயம். நான்கரை லட்சம் காசு அடித்தார்கள். ஆனால் தங்கக் காசு புழக்கத்தையே அந்த நாட்டு அரசு நிறுத்தியதால் வெளியிடாமலே உருக்கினார்கள். தப்பிய ஒரு சிலவற்றில் ஒன்று 1944-இல் மன்னர் கைக்குப் போனது. அவர் எதையும் பிரிய விரும்பவில்லை. 1952-இல் ஆட்சி கவிழ்ந்தது. 1954-இல் கெய்ரோவில் புதிய அரசு அவருடைய சேகரிப்பை ஏலம் போட்டது. தானாகப் பிரியாதவரிடமிருந்து காலம் பிடுங்கிக்கொண்டது.

இரண்டாமவர் டென்மார்க்கைச் சேர்ந்த லார்ஸ் எமில் புரூன். வெண்ணெய் வியாபாரத்தில் பெரும் பணம் சம்பாதித்தவர். சுமார் 20,000 நாணயங்கள், பதக்கங்கள், நோட்டுகள் சேர்த்தார். முதல் உலகப் போரின் அழிவைப் பார்த்தவர் அவர். நாட்டின் அரசுச் சேகரிப்பு ஒருநாள் அழிந்துபோனால் தன்னுடையது அதற்கு ஈடாக இருக்கட்டும் என்று, நூறு ஆண்டுகளுக்கு யாரும் விற்கக் கூடாது என உயில் எழுதினார். 1923-இல் காலமானார். நூறு ஆண்டு கழிந்து 2024 செப்டம்பரில்தான் முதல் ஏலம் நடந்தது. அதற்கு முன்பே டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் தனக்கு வேண்டியவற்றில் ஏழு பொருள்களை வாங்கிக்கொண்டது. இவர் பிரிவதற்கும் திட்டம் போட்டுவிட்டுப் போனார்.

மூன்றாமவர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன், காலணி வடிவமைப்பாளர். பாரூக்கிடம் இருந்ததே, அந்த 1933 நாணயம், பல ஆண்டு மறைந்து கிடந்து, 1996-இல் நியூயார்க்கில் பிடிபட்டு, வழக்கு நடந்து, 2002-இல் 75 லட்சத்து 90 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் இவர்தான். பத்தொன்பது ஆண்டு வைத்திருந்தார். 80 வயதை நெருங்கும்போது, 2021 ஜூன் மாதம், தன் கையாலேயே ஏலத்துக்குக் கொடுத்தார். 1 கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் போனது. பணம் அறப்பணிகளுக்கு என்று அறிவித்தார். சின்ன வயதுக் கனவை அடைந்தார், அனுபவித்தார், தெளிவான புத்தியோடு கைமாற்றினார்.

நம்மில் பலர் எந்த வழியில் போகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பாரூக் வழியில்தான். நமக்கு ஆட்சி கவிழ வேண்டியதில்லை. ஓர் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் போதும். அவசரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். தராசில் போட்டு எடைக்கு என்ன உண்டோ அதை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

எங்கள் வீட்டுக் கதையும் இதுதான். என் பாட்டியின் காசுமாலை நான்கு பெண்களுக்குப் பங்கு பிரிந்தது. காசை எண்ணிப் பிரித்திருக்கலாம். உருக்கித்தான் பிரித்தார்கள். நான்கு வளையல் ஆயிற்று. யாரையும் குறை சொல்லவில்லை, அன்றைய தேவை அப்படி. ஆனால் அந்தக் காசுகள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று கேட்டால் இன்று சொல்ல ஆளில்லை. பம்பாய் நாணயச் சாலையில் சவரன் அடித்தது 1918 என்ற ஒரே ஆண்டில் மட்டும்தான். ஆண்டுக்கு மேலே சின்னதாக ஒரு முத்திரை எழுத்து இருக்கும். அப்படி ஒன்று அதில் இருந்ததா? வளையலைக் கேட்டால் சொல்லாது.

உலோகம் வேறு, மதிப்பு வேறு

தங்கம்தான் மதிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். 'தினமலர்' ஆசிரியராக இருந்து 2021-இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் சங்ககால நாணய ஆய்வாளர். 1980-களில் அவர் கண்டெடுத்து வெளியிட்ட ஒரு சதுரக் காசில் குதிரை உருவமும், தமிழ்பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரும் இருந்தன. வழுதி என்பது பாண்டியர் பெயர். சங்ககாலத்து அரசர்கள் சொந்தமாகக் காசு வெளியிட்டார்களா என்ற கேள்விக்கு அந்தச் செப்புத் துண்டு விடை சொன்னது. பழைய செம்பு என்று எடைக்குப் போட்டிருந்தால் ஒரு கோப்பித் தண்ணீர் குடிக்கக்கூடக் காசு தேறியிருக்காது.

நம் நாட்டிலேயே பாருங்கள். மலேசியா தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது 1967-இல். 1971-ஆம் ஆண்டு ஐந்து காசு, அதாவது 5 சென், அடித்தது 17 ஆயிரத்துக்கும் குறைவு. மற்ற ஆண்டுகளில் கோடிக்கணக்கில் அடித்தார்கள். அதனால்தான் சேகரிப்பாளர்கள் அந்த ஒரு காசைத் தேடி அலைகிறார்கள். அதே சமயம், 2005 டிசம்பர் 7-ஆம் தேதி செல்லாது என்று மீட்டுக்கொண்ட ஒரு வெள்ளி நாணயத்தை டின் டின்னாக வைத்துக்கொண்டு கோடீசுவரர் கனவு காண்பவர்களும் உண்டு. பழையது எல்லாம் அரியது ஆகாது. குறைவாக இருக்க வேண்டும், தேய்மானம் இல்லாமல் இருக்க வேண்டும், தேடுகிறவர் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் விலை.

பிரியும் முன் ஐந்து விஷயம்

ஒன்று, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் செய்கிற உபசாரத்தைப் பழைய காசுக்குச் செய்யக் கூடாது. பளபளப்பு ஏறும், மதிப்பு இறங்கும். வளையம் வைத்துப் பற்றவைத்த காசுக்கும் சேகரிப்பாளரிடம் விலை குறைவுதான்.

இரண்டு, ஒருவர் சொன்ன விலையோடு நிற்காதீர்கள். நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு, உறையில் முத்திரையிட்டுக் கொடுக்கும் நிறுவனங்கள் உலகில் உண்டு. உண்மையிலேயே விலை உயர்ந்த காசு என்றால் அந்தச் செலவு வீண் போகாது. ஏலத்துக்குக் கொடுப்பதானால் தரகுக் கழிவு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று, "உங்கள் காசுக்குப் பல லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று கைப்பேசியில் வருகிறதே, அது மோசடி. இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரைப் பயன்படுத்தியே இப்படி ஏமாற்றினார்கள். 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை விட்டது. வாங்குகிறவன்தான் பணம் தருவான். விற்கிறவனிடம் பணம் கேட்கிறவன் வியாபாரி அல்ல.

நான்கு, சட்டம். நம்மவர்கள் தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போகிறோம். கோயில் வாசலில் சோழர் காசு என்று ஒருவர் நீட்டுவார். போலியாக இருந்தால் பணம் போயிற்று. அசலாக இருந்தால் இன்னும் ஆபத்து. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டு போக முடியாது. மலேசியாவிலும் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. மரபுடைமைப் பொருளை ஏற்றுமதி செய்ய உரிமம் வேண்டும்.

ஐந்து, எழுதி வையுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். எந்தக் காசு, யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு வாங்கியது, என்ன விலை கொடுத்தது. பக்கத்தில் ஒரு படம். காசு கைமாறினாலும் கதை வீட்டில் தங்கும்.

யாரிடம் கொடுப்பது?

பிள்ளைகளுக்கு ஆர்வம் இருந்தால் முதல் உரிமை அவர்களுக்குத்தான். உயிரோடு இருக்கும்போதே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துக் கொடுங்கள். ஆர்வம் இல்லை என்றால் கோபப்படாதீர்கள். உங்கள் ஆசையை அவர்கள் தலையில் சுமத்த முடியாது. பூட்டி வைத்துவிட்டுப் போனால், அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போவதற்கு அந்தப் பெட்டியே காரணமாகிவிடும். மதிப்புத் தெரிந்த இன்னொரு சேகரிப்பாளர் கைக்குப் போனால், காசு உருகாமல் காசாகவே வாழும்.

பணத் தேவை இல்லாதவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் பேங்க் நெகாரா அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், நாணயங்களை எப்படிக் காப்பாற்றி, எப்படி விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் சமூகம் இந்த மண்ணில் பால்மரம் சீவியது, தண்டவாளம் போட்டது, வட்டிக்கடை வைத்தது. அந்த வாழ்க்கையோடு புழங்கிய காசுகள் நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டாவது பொது இடத்தில், யார் கொடுத்தது என்ற பெயரோடு இருந்தால், பேரப்பிள்ளைகள் அங்கே போய்ப் பார்க்கலாம். பெட்டகத்தைவிடப் பத்திரமான இடம் அது. வாடகையும் கிடையாது.

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கையில் இருக்கும் காசும் நாணயம், மனத்தில் இருக்கும் நேர்மையும் நாணயம். வாங்குகிறவர் இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். விற்கிறவர் இல்லாததைச் சேர்க்காமல் சொல்ல வேண்டும். குடும்பத்தார் ஒருவரையொருவர் ஏமாற்றாமல் பங்கு போட வேண்டும். இரண்டாவது நாணயம் இருந்தால் முதலாவதைப் பிரிவது அவ்வளவு வலிக்காது.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டியைத் திறங்கள். விற்பதற்காக அல்ல. இருப்பது என்ன என்று பார்ப்பதற்கு. பக்கத்தில் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.