சட்டத்தின் நிழல் எவருக்கு உரியது?



தலைநகரில் வாழும் தமிழர் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால் உடனே எழும் கேள்வி, "தங்களுக்கு எந்த ஊர்?" என்பதுதான். நாற்பது ஆண்டுகள் டில்லியில் வாழ்ந்தவரும் அதற்குத் தஞ்சாவூர் என்றோ திருநெல்வேலி என்றோதான் விடை கூறுவார். கரோல்பாக் என்று கூறமாட்டார். அன்பின் காரணமாக நாம் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. ஆயினும் அதே கேள்வியை ஓர் அதிகாரி மேசைக்கு அப்பாலிருந்து கேட்கும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. "நீ எந்த ஊர்?" என்பது, "உனக்கு இங்கே என்ன உரிமை?" என்றாகிவிடுகிறது. அந்த இரண்டாவது கேள்விக்கு நம் அரசியல் சாசனம் கூறும் விடை யாது என்பதையே இன்று சிந்திக்க எண்ணுகிறோம்.

1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இந்த டில்லி நகரில்தான் அரசியல் நிர்ணய சபை நம் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. 1950 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதனை வகுத்தளித்த வரைவுக் குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கோபாலசாமி ஐயங்கார், டி. டி. கிருஷ்ணமாச்சாரி ஆகியோர் இடம் பெற்றிருந்ததை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். பெருமை கொள்வதோடு நின்றுவிடாமல், சாசனத்தின் மூன்றாம் பகுதியைச் சற்றே ஊன்றிப் படித்தல் வேண்டும். அங்கே உரிமைக்கு உரியவரைச் சுட்டுவதற்கு இருவேறு சொற்கள் ஆளப்பட்டிருக்கின்றன. ஒன்று 'குடிமகன்' என்பது; மற்றொன்று 'எந்த மனிதரும்' என்னும் பொருள்படுவது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேற்றுமையை அறிந்தவர் நம்மில் சிலரே.

சட்டத்தின் முன் சமத்துவம் அளிக்கும் 14-ஆம் பிரிவு, குடிமகனைப் பற்றிப் பேசவில்லை. எந்த மனிதருக்கும் அதனை மறுக்கலாகாது என்கிறது. உயிருக்கும் உடலுரிமைக்கும் காப்பளிக்கும் 21-ஆம் பிரிவும் அவ்வாறே. கைது செய்யப்பட்டவரிடம் காரணத்தைக் கூற வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடவேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்று விதிக்கும் 22-ஆம் பிரிவும் குடியுரிமையைக் கேட்பதில்லை. பகை நாட்டினருக்கும் தடுப்புக்காவல் கைதிகளுக்கும் மட்டுமே அதில் விலக்கு உண்டு. மனச்சான்றின்படி சமயநெறி பேணும் உரிமையும் எல்லா மனிதருக்கும் உரியதே.

பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, நாட்டில் எங்கும் சென்று குடியேறும் உரிமை, அரசுப் பணியில் சம வாய்ப்பு ஆகியவையோ குடிமக்களுக்கே உரியவை. ஆகவே சாசனத்தின் மாளிகையை ஒருவாறு இப்படிச் சொல்லலாம்: அதன் உள் அறைகள் சில குடிமக்களுக்கு உரியவை, மழைக்கு ஒதுங்க நிற்கும் அதன் தாழ்வாரமோ வருவோர் அனைவருக்கும் பொது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1998-ஆம் ஆண்டு வங்காள தேசத்துப் பெண் ஒருவர் ஹவுரா ரயில் நிலையத்து விடுதியில் கொடிய வன்முறைக்கு ஆளானார். அயல் நாட்டவருக்கு ரயில்வே இழப்பீடு தரவேண்டுமா என்ற வாதம் எழுந்தது. 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், 21-ஆம் பிரிவின் காப்பு அவருக்கும் உண்டு என்று கூறி, பத்து லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. அதற்கு முன்பே 1996-இல், அருணாசலப் பிரதேசத்தில் அச்சுறுத்தலுக்கு உள்ளான சக்மா மக்களின் வழக்கிலும், குடிமகனாயினும் அல்லராயினும் ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1983 முதல் தமிழகத்தில் அடைக்கலம் புகுந்து முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களின் நிலையை இத்தீர்ப்புகளின் துணைகொண்டே நாம் புரிந்துகொள்ளல் வேண்டும். எங்கும் சென்று குடியேறும் உரிமை அவர்களுக்குச் சாசனத்தால் வாய்க்கவில்லை. உயிர்க்காப்பும் சட்டத்தின் முன் சமத்துவமும் வாய்த்திருக்கின்றன.

இனி, மாநிலம் விட்டு மாநிலம் வந்த நம் நிலையைப் பார்ப்போம். இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் நிலைத்துக் குடியமரவும் 19-ஆம் பிரிவு நமக்கு உரிமை தருகிறது. அரசுப் பணியில் பிறப்பிடம், வசிப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி வேற்றுமை பாராட்டலாகாது என்று 16-ஆம் பிரிவு கூறுகிறது. வசிப்பிடத்தை ஒரு தகுதியாக விதிக்க வேண்டுமாயின் பாராளுமன்றமே அதற்குச் சட்டம் இயற்ற வேண்டும். பொதுவான வேற்றுமையைத் தடுக்கும் 15-ஆம் பிரிவிலோ பிறப்பிடம் என்ற சொல் உண்டு. வசிப்பிடம் என்ற சொல் இல்லை. இந்த ஒரு சொல்லின் குறைவால் நேர்ந்ததைக் கேளுங்கள். டில்லிவாசியான மாணவர் ஒருவர் இந்தூர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மத்திய பாரத மாணவருக்கு இல்லாத தனிக் கட்டணம் அவரிடம் கோரப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். பிறப்பிடம் வேறு, வசிப்பிடம் வேறு என்று கூறிப் பெரும்பான்மை நீதிபதிகள் 1955-இல் அவர் மனுவைத் தள்ளிவிட்டனர். உரிமை உண்டு என்று பொதுவாக நம்புவது போதாது. எந்தப் பிரிவில் எந்தச் சொல் இருக்கிறது என்று அறிதல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

ஆதி திராவிடர் முதலிய பட்டியல் சாதியினருக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த மாநிலப் பணிகளில் தம் பழைய சான்றிதழைக் கொண்டு இட ஒதுக்கீடு கோர இயலாது. டில்லியின் நிலை வேறு. இங்குள்ள பணிகளுக்கு அகில இந்திய அளவில் இட ஒதுக்கீடு வழங்கும் முறை சாசனத்துக்கு இசைந்ததே என்று 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. டில்லித் தமிழரிடையே வேலை தேடும் இளைஞர்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

சட்டத்தின் சொல் ஓர் ஏழையின் வாழ்வை எவ்வாறு தொட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற உழவுத் தொழிலாளி ஒருவர், வறட்சியால் வேலை இழந்து 1961-இல் பம்பாய்க்குச் சென்றார். ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் தினக்கூலியாக வேலை கிடைத்தது. நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில், பிளாஸ்டிக் தாளும் கித்தானும் வேய்ந்த கூரையின் கீழ், மனைவியுடனும் மூன்று பெண்மக்களுடனும் வாழ்ந்தார். அந்த இடத்துக்கும் ஒருவன் 2,500 ரூபாய் பறித்துக்கொண்டான். 1981 ஜூலையில் மாநகராட்சியினர் அக்குடிலை இடித்து, குடும்பத்தினரைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பினர். மனைவியும் மக்களும் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே திரும்பினார். பிழைப்பு இருக்கும் இடத்துக்கு மனிதன் திரும்பி வருவான் அன்றோ?

அவரும் பிறரும் தொடுத்த வழக்கில், ஓல்கா டெல்லிஸ் என்னும் பத்திரிகையாளரின் பெயரால் வழங்கும் தீர்ப்பினை உச்ச நீதிமன்றம் 1985-இல் அளித்தது. உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று ஐந்து நீதிபதிகள் அறிவித்தனர். அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க எவருக்கும் உரிமை இல்லை என்றும் கூறியது. அகற்றலாம், ஆனால் முன்னறிவிப்பின்றி, அவர் கூறுவதைக் கேளாமல் அகற்றுவது முறையன்று என்பதே அதன் சாரம். அந்தத் தொழிலாளிக்கு நடைபாதை கிடைக்கவில்லை. தம் கூற்றைக் கேட்கச் செய்யும் உரிமை கிடைத்தது. அது சிறியதா, பெரியதா என்பதை, ஒருநாளும் எவராலும் கேட்கப்படாதவரே கூற வல்லவர்.

நம் டில்லியில் நடந்ததற்கு இப்போது வருவோம். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் 'மதராஸி கேம்ப்' என்றொரு குடியிருப்பு இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே வாழ்ந்தனர். அப்பெண்களுள் பலர் அருகிலுள்ள வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர்கள். வடிகாலை அடைத்து வெள்ளத்துக்குக் காரணமாகிறது என்பதால் அதனை அகற்ற டில்லி உயர்நீதி மன்றம் 2025 மே மாதத்தில் ஆணையிட்டது. பொது நிலத்தில் குடியிருந்தவர்கள் மறுவாழ்வைக் கோரலாம். அதற்கு மேல் கோர இயலாது என்பது அவ்வாணையின் நிலை. 2025 ஜூன் 1-ஆம் நாள் ஏறக்குறைய 370 வீடுகளைக் கொண்ட அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் எனக் காணப்பட்டவர்களுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. 150-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தகுதிப் பட்டியலுக்கு வெளியே நின்றன. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. 1981-இல் வலிந்து ஏற்றிய பேருந்துக்கும் விரும்பினால் ஏறலாம் என்னும் பேருந்துக்கும் வேற்றுமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் டில்லியில் பிறந்து, இங்கேயே பள்ளி சென்ற பிள்ளைக்கு எது சொந்த ஊர்?

தகுதியை முடிவு செய்தது எது? 2015-ஆம் ஆண்டின் டில்லி மறுவாழ்வுக் கொள்கைப்படி, குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன்னரும், தனி வீடு 2015 ஜனவரி 1-க்கு முன்னரும் இருந்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பிற ஆவணங்களும் காட்ட வேண்டும். இடிப்பதற்கு முன் கணக்கெடுத்து, குடியிருப்போருடன் கலந்து பேச வேண்டும் என்பதை இதே உயர்நீதி மன்றம் 2010-இலும் 2019-இலும் வற்புறுத்தியிருக்கிறது. உரிமை மனிதனுக்கு, மறுவாழ்வோ பட்டியலில் பெயருள்ளவனுக்கு! ஒரு காகிதம் மழையில் நனைந்தாலும், பெயரில் ஓர் எழுத்துப் பிழையானாலும், அந்த இடைவெளியில் ஒரு குடும்பம் விழுந்துவிடக்கூடும்.

இங்கே நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் பாத்திரம் துலக்கிய அம்மையாரிடம், "உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் சரியாக இருக்கிறதா அம்மா?" என்று இடிப்பு இயந்திரம் வரும் முன்னர் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? படிவங்களை நிரப்பத் தெரிந்த நாம், ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கெனச் செலவிட்டிருக்கலாம். தமிழ்ச் சங்கத்தில் விழா எடுப்பதும் தமிழ்ப் பள்ளிகளைப் பேணுவதும் நல்ல பணிகளே. அப்பள்ளிகளை நடத்தும் உரிமையையும் மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் 30-ஆம் பிரிவே நமக்கு அளித்தது. அவ்வுரிமையின் பயனைத் துய்க்கும் நாம், பிறருடைய உரிமையை அவர்தம் விதி என்று விட்டுவிடலாகாது.

செய்யத்தக்கவை சில உண்டு. மத்திய அரசிடமோ மாநில அரசிடமோ குறை தெரிவிக்கும் மனுவை, அங்கே வழங்கும் மொழிகளுள் எதிலும் அளிக்கலாம் என்கிறது 350-ஆம் பிரிவு. தடுப்புக்காவலுக்கான காரணங்களைக் கைதி அறிந்த மொழியில் எழுதித் தராமல் வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்வது போதாது என்று 1962-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட வருமானமுடைய பிறரும் பெறலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம். இவற்றை அண்டை வீட்டாருக்கு எடுத்துக் கூறுவது நம்மால் இயலும்.

இன்னும் ஒன்று. நம் குடியிருப்புக்குப் புதிதாக வந்த பீகாரியையோ, வங்காளியையோ, எல்லைக்கு அப்பாலிருந்து அடைக்கலம் தேடி வந்தவரையோ, "இவன் எங்கிருந்து வந்தான்?" என்று நாமும் கேட்கத் தொடங்கிவிட்டோம். வந்தவரெல்லாரும் தங்கிவிடலாம் என்று சட்டம் கூறவில்லை. அயலவரை முறைப்படி வெளியேற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆயினும் அம்முறையைக் கடந்து எவரையும் தண்டிக்கவோ துன்புறுத்தவோ எவருக்கும் அதிகாரம் இல்லை. அந்த வேலி தளர்ந்தால், அடுத்து அக்கேள்வி நம் வாயிலுக்கே வரும். பிற மாநிலத்தில் வாழும் தமிழராகிய நாம் அதனை எளிதில் மறக்கலாகாது.

"தங்களுக்கு எந்த ஊர்?" என்று நாம் தொடர்ந்து கேட்போம், அது நம் பண்பு. விடை எதுவாயினும், கேட்கப்பட்டவரை அமரச் செய்து அவர் சொல்வதைக் கேட்போம். சாசனமும் நம்மிடம் அதையே எதிர்பார்க்கிறது.